வேலை போன எல்ஃப்

எங்கள் வீட்டு எல்ஃப் ஒரு பொம்மை, லண்டன் டூட்டிங்கில் ஒரு கடையில் மலிவு விலைக்கு வாங்கப்பட்டது. வாங்கியவர் என் கணவர். நவம்பர் கடைசியில் ஒருநாள் வேலையால் வந்தவர், மகள் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பையிலிருந்து அதை எடுத்து அடுப்படி மேசையில் வைத்தார். ஒரு சாண் உயரம். சிவப்புச் சட்டை, கூம்புத் தொப்பி, எலும்பில்லாத நீளக் கால்கள். முகம் மட்டும் பிளாஸ்டிக். கண்கள் நேரே பார்க்காமல் ஓரமாகப் பார்த்தன.

"பாத்தாலே விளங்குது, உது வீட்டுக்கு ஆகாத சாமான்" என்றேன்.

"பாப்பா கிளாஸ்ல எல்லார் வீட்டுலயும் இருக்கு. நம்ம வீட்டுல மட்டும் இல்லைன்னா எப்படி?" என்றார் அவர்.

அவர் மலேசியாவில் பிறந்து, லண்டனுக்குப் படிக்க வந்து, கம்ப்யூட்டர் வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக ஒரே தமிழை இரண்டு விதமாகப் பேசிக்கொண்டு கோலியர்ஸ் வுட்டில் குடியிருக்கிறோம். அவரும் மாறவில்லை, நானும் மாறவில்லை. மகள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு ஆங்கிலத்தில் பேசுகிறாள்.

எல்ஃபின் சட்டதிட்டங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் முதலாம் திகதி அது வீட்டுக்கு வரும். பகல் முழுக்க ஓரிடத்தில் அசையாமல் இருந்து பிள்ளைகளைக் கவனிக்கும். எல்லோரும் தூங்கிய பிறகு வட துருவத்துக்குப் பறந்துபோய், இந்த வீட்டில் யார் நல்ல பிள்ளை, யார் குழப்படி என்று நத்தார் தாத்தாவிடம் சொல்லும். நத்தார் என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் கிறிஸ்துமஸ். விடிவதற்குள் திரும்பி வந்து வேறோர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். இருபத்துநாலாம் திகதி இரவோடு போய்விட்டால் பிறகு அடுத்த வருடம்தான். அதை யாரும் தொடக் கூடாது. தொட்டால் மந்திரம் போய்விடும். இவ்வளவையும் பிள்ளையை நம்பவைப்பதும், தினமும் பொம்மையை இடம் மாற்றுவதும் பெற்றோரின் தலையில் விழும் வேலை.

ஏழு வயது மகள் முழுசாக நம்பினாள். முதல் வாரம் அவள் பல் துலக்கிய வேகத்தைப் பார்த்து நான்கூட எல்ஃபைக் கொஞ்சம் மதித்தேன். ஆனால் காலை ஐந்தரைக்கு எழும்பி அதை எங்கே வைப்பது என்று யோசிப்பது எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. ஒருநாள் என் கணவர் அதை அரிசி வாளிக்குள் இடுப்பளவு புதைத்து வைத்தார். அவருக்கு அது பகிடி. தொடக்கூடாது என்பதால் அன்று வாளியில் கை வைக்க மகள் விடவில்லை. சோறு இல்லை, மூன்று பேரும் கடையில் வாங்கிய பாண் தின்றோம். இன்னொரு நாள் இருவருமே மறந்துவிட்டோம். எல்ஃப் முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தது. "வெளியே மழை, ஃபிளைட் கேன்சல்" என்று அவர் சமாளித்தார். லண்டன் பிள்ளை, உடனே நம்பிவிட்டாள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நத்தாரைப் பற்றி ஐந்து வசனம் எழுதிவரச் சொன்னார்கள். எல்ஃபுக்குத் தமிழில் என்ன என்று மகள் கேட்டாள். "குட்டிச்சாத்தான்" என்றார் அவர், யோசிக்காமல். பிள்ளை பயந்துவிடும் என்று நான் சண்டைக்குப் போனேன். வேண்டுமானால் காவல் சம்மனசு என்று எழுதட்டும் என்றேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு சம்மனசு, அதாவது வானதூதர், நின்று காக்கும் என்று எங்களுக்கு ஞாயிறு வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். அதுவும் எல்லாவற்றையும் பார்க்கும். ஆனால் போய்ச் சொல்லுமென்று யாரும் எங்களை வெருட்டவில்லை. அவர் விடவில்லை. "எங்க ஊர்ல டோயோல்னு ஒண்ணு சொல்வாங்க. சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும். வளர்க்கிறவனுக்காக அடுத்த வீட்டுல பூந்து திருடிட்டு வரும். இது சேதி திருடுது, அவ்வளவுதான் வித்தியாசம்." கடைசியில் மகள் எல்ஃப் என்றே எழுதிக்கொண்டு போனாள்.

நான் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறேன். டிசம்பரில் எங்கள் சிறுவர் பகுதியிலும் ஒரு எல்ஃப் இருக்கும். என்னோடு வேலை செய்யும் ஓர் ஆங்கிலேயப் பெண்மணிக்கு, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான், அதைக் கண்ணில் காட்டக் கூடாது. பழைய எல்ஃப் இப்படியில்லை என்று தேநீர் நேரத்தில் சொன்னார். முன்பெல்லாம் விலாவில் திடீரென்று குத்து வந்தால் எல்ஃப் அம்பு விட்டுவிட்டது என்பார்களாம். காலையில் தலைமுடி சிக்காகிக் கிடந்தால் எல்ஃப் பின்னியது என்பார்களாம். பிறகு வந்த கதைகளில், ஆள் இல்லாத நேரம் வந்து வீட்டு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். "கெட்டது செய்யும், நல்லதும் செய்யும். ஆனால் கோள் சொன்னதாக நான் எந்தப் பழைய கதையிலும் படித்ததில்லை" என்றார். கேட்டுச் சிரித்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இங்கே என் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே சகோதரம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கல்யாணம் கட்டவில்லை. ஈஸ்ட் ஹாமில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை, கடைக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரயில் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வருவார். கையில் முருங்கைக்காய் இருக்கும், மகளுக்கு ஒரு பால் டொபி இருக்கும். எங்கள் மேசையில் அவருக்கென்று ஒரு கதிரை உண்டு. சுவரோடு ஒட்டியது. அதில் இருந்தால் வாசல் நேரே தெரியும். வேறு கதிரையில் இருக்கமாட்டார். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடினால் அவருக்குச் சோறு இறங்காது. அது அவருடைய பழக்கம் என்று நாங்களும் பழகிவிட்டோம்.

டிசம்பரின் முதல் ஞாயிறு அவர் வந்தபோது எல்ஃப் வாசல் பக்கம், புத்தக அலுமாரிக்கு மேல் இருந்தது. அவருடைய கதிரைக்கு நேர் எதிரே. நான்தான் வைத்தேன். காலையில் அவசரத்தில் கைக்கு எட்டிய இடம் அது.

அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "உவர் ஆர் புதுசா?"

மகள் தன் அரைத் தமிழில் உற்சாகமாக விளக்கினாள். "மாமா, கேர்ஃபுல்! அவர் ஒண்டும் கதைக்க மாட்டார். சும்மா பாப்பார். பிறகு போய்ச் சொல்லுவார்."

"ஆரிட்டைச் சொல்லுவார்?"

"சான்டாட்டை. ஆர் நல்ல ஆள், ஆர் கெட்ட ஆள் எண்டு. நாங்கள் எல்லாரும் அவருக்கு முன்னாலை வரவேணும்."

அண்ணையின் கை சோற்றிலேயே நின்றது. அவர் எல்ஃபைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவினார். பாதிச் சாப்பாட்டில் எழும்புகிற ஆளில்லை அவர். அலுமாரியடிக்கு நடந்துபோய், எல்ஃபைப் பிடித்து, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

மகள் வீரிட்டாள். "டோன்ட் டச் ஹிம்!" என்ற அந்தக் கத்தல் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். மந்திரம் போய்விட்டது, இனி அவரால் பறக்க முடியாது, மாமா கொன்றுவிட்டார் என்று ஆங்கிலத்தில் அழுதாள். என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். அண்ணை கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டை எடுத்து மாட்டினார்.

"கறி நல்லா இருந்தது. போயிட்டு வாறன் பிள்ளை."

"அண்ணை, சாப்பிட்டு முடிச்சிட்டுப் போங்கோ."

"இல்லை. வேலை கிடக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை கிடையாது. அவர் விட்டுப்போன சோற்றுக் கோப்பையைக் கழுவும்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் என்மேல் வந்த கோபத்தில் கோப்பையைத் தொட்டிக்குள் போட்டேன், அது ஓரம் உடைந்தது.

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் பகுதியில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. எல்லோரையும் கோயில் வளவுக்கு வரச் சொன்னார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம். நடுவில் ஒரு ஜீப். அதற்குள் ஒரு ஆள், தலை முழுக்கச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆண்கள் ஒவ்வொருவராக அந்தச் சாக்குக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போகவேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மேலும் கீழும் அசைந்தால் தனியே நிற்கவேண்டும். தலையாட்டி என்று அந்த ஆளுக்குப் பெயர். கதைக்க மாட்டான். அண்ணைக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர் முன்னால் போய் நின்றபோது சாக்கு அசைந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அண்ணை திரும்பி வந்தார். தடுப்பு முகாமுக்குள் இருந்ததைப் பற்றி அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவுமில்லை. அதற்குப் பிறகுதான் அந்தச் சுவரோரக் கதிரை.

இதை அன்று பின்னேரம் என் கணவருக்குச் சொன்னேன். அவர் எல்ஃபைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு வருஷமா நீ சொல்லவே இல்லையே."

"உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது? சாப்பாட்டு மேசையிலையோ?"

"நான் இதைக் குப்பையில போட்டுடுறேன்."

ஆனால் குப்பையில் போட முடியவில்லை. மகளின் வகுப்பில் யாரோ அவளுக்கு ஒரு பரிகாரம் சொல்லியிருந்தார்கள். எல்ஃபைத் தொட்டுவிட்டால் அதன் பக்கத்தில் கொஞ்சம் கறுவாப்பட்டைத் தூளும் ஒரு மன்னிப்புக் கடிதமும் வைக்கவேண்டுமாம், மந்திரம் திரும்பிவிடுமாம். அடுப்படியிலிருந்து கறுவாத்தூள் டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் அரை டப்பாவைக் கொட்டினாள். கடிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில், பென்சிலால்: என் மாமாவுக்கு ரூல்ஸ் தெரியாது. அவரை நான் அழவைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அவருடைய பெயரைக் கெட்டவர் லிஸ்டில் போட வேண்டாம். வேண்டுமானால் என் பெயரைப் போடுங்கள்.

அண்ணை அடுத்த ஞாயிறு வரவில்லை. போனில் கேட்டால் ஷிப்ட் மாறிவிட்டது என்றார். அதற்கடுத்த ஞாயிறும் ஷிப்ட். நத்தார் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் டிசம்பர் நடுவில் குடில் கட்டுவோம். மாட்டையும் மேய்ப்பர்களையும் வைத்துவிட்டு நடுவிலுள்ள தொட்டியை மட்டும் வெறுமையாக விட்டுவிடுவோம். இருபத்துநாலாம் திகதி பின்னேரம் அந்தத் தொட்டியில் பாலன் இயேசுவின் சுரூபத்தை வைப்பவர் வீட்டில் மூத்தவர். அப்பா போன பிறகு அது அண்ணைதான். நாங்கள் லண்டன் வந்த நாளிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. இந்த வருடம் அவர் வராவிட்டால் இனி வரவே மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. என் அண்ணையை எனக்குத் தெரியும். விட்ட இடத்துக்குத் திரும்பிப் போகிற பழக்கம் அவரிடம் இல்லை.

அரைநாள் லீவு போட்டுவிட்டு ஈஸ்ட் ஹாமுக்குப் போனேன். நத்தார் கூட்டம், ஹை ஸ்ட்ரீட்டில் கால் வைக்க இடமில்லை. அண்ணை கடை வாசலில் கத்தரிக்காய்ப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு பையில் நல்லதாகப் பொறுக்கிப் போடத் தொடங்கினார்.

"அண்ணை, நான் அதை எறியிறன். வீட்டிலை இனி அது இருக்காது."

"பிள்ளையின்ரை சாமானை ஏன் எறியிறாய்?"

"நான் யோசிக்காமல் வச்சிட்டன். உங்களுக்கு நேரை வச்சிட்டன்."

அவர் பையை முடிந்தார். "பொம்மை எண்டு எனக்குத் தெரியாதே? கை தானாப் போயிட்டுது. பிள்ளையை அழவச்சுப்போட்டன், அந்த முகத்தை எப்பிடிப் பாக்கிறது எண்டுதான்."

"அவள் உங்களை அழவச்சிட்டன் எண்டு அழுறாள்."

அவர் பையை என் கையில் தந்தார். கத்தரிக்காய்க்குக் காசு வாங்கவில்லை. நான் திரும்பும்போதுதான் சொன்னார். "இருபத்துநாலு வாறன். எறியாதை."

வீட்டில் இதை என் கணவருக்குச் சொன்னேன். அண்ணை வருகிறார், எல்ஃப் அவரைப் பார்க்காமல் இருந்தால் நல்லது, அன்று காலை அதை மேலே படுக்கையறையில் வைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். படிக்கட்டில் இருந்த மகள், எல்ஃப் மாமாவைப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் கேட்டுவிட்டாள், அது எங்களுக்குத் தெரியாது.

இருபத்துநாலாம் திகதி விடியவே நான் பலகாரம் சுடத் தொடங்கிவிட்டேன். எல்ஃபை மேலே கொண்டுபோகும் வேலை அவருடையது. அவர் மறந்துவிட்டார். அது வாசல் பக்கத்து அலுமாரிக்கு மேலேயே இருந்ததை மகள் கண்டாள். அவள் தானே ஒரு வழி பண்ணினாள். சந்தையில் கச்சான் கடலை வாங்கியபோது கிடைத்த சின்னச் சாக்குப் பை ஒன்று வீட்டில் கிடந்தது. கையால் தொடாமல், அடுப்படி இடுக்கியால் அதைப் பிடித்து எல்ஃபின் தலையில் கவிழ்த்துவிட்டாள். அது மூச்சுவிட வேண்டுமே என்று, மாட்டுவதற்கு முன்பே கத்தரிக்கோலால் இரண்டு ஓட்டையும் போட்டிருந்தாள்.

மணி அடித்தது. அவள்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். "மாமா, இனி அவர் உங்களைக் காணமாட்டார்! நான் மூடிட்டன்!" என்று கூவுவது அடுப்படிக்குக் கேட்டது. எண்ணெய்க் கரண்டியோடு ஓடிவந்தேன்.

அண்ணை கோட்டோடு நின்றார். அலுமாரிக்கு மேல், சாக்குப் போட்ட தலை. இரண்டு ஓட்டை. சரியாகக் கண் இருக்கும் இடத்தில்.

ஒன்பது வயதில் கோயில் வளவில் நான் பார்த்த அதே தலை. அவர் திரும்பிப் போய்விடுவார், இந்தமுறை கூப்பிட்டாலும் வரமாட்டார் என்று நினைத்தேன்.

"ஏன் ரெண்டு ஓட்டை?" என்று அவர் மகளிடம் கேட்டார்.

"மூக்குக்கு. அவர் மூச்சு விடவேணும் எல்லோ."

அண்ணை மெல்ல அலுமாரியடிக்கு நடந்துபோனார். மகள் "மாமா" என்று இழுத்தாள். அவர் நிற்கவில்லை. வெறுங்கையால் அந்தச் சாக்கைப் பிடித்து மேலே இழுத்துக் கழற்றினார். பிளாஸ்டிக் முகம் ஓரக்கண்ணால் சிரித்தது. அதை அலுமாரியிலிருந்து இறக்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, முகத்தை அருகில் வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானோ" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார். முப்பது வருடத்துக்கு மேல் நான் கேட்காத கேள்விக்கு அதுதான் பதில். "அண்டைக்கு முகம் தெரியேல்லை, பிள்ளை. தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ மறந்திருப்பன். ஊர்ச்சனம் எல்லாற்றை முகத்தையும் ஒவ்வொண்டா அந்தச் சாக்குக்குள்ளை போட்டுப் பாத்திட்டன். இண்டைக்கும் பூசைக்குப் போனா முன் வாங்கில இருக்கிற ஆளைப் போட்டுப் பாக்கிறன். உன்ரை மனிசன் ஒராள்தான் மிச்சம். அவர் மலேசியா."

என் கணவர் படியிறங்கி வந்து அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். எனக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, கையெல்லாம் மா.

மகளுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. "திரும்பவும் தொட்டிட்டீங்கள் மாமா. இண்டைக்கு அவர் நார்த் போலுக்குப் போகவேணும். இனி ஏலாது. மேஜிக் போயிட்டுது."

அண்ணை அவளுக்கு முன்னால் குந்தினார். "வேலைதானே போயிட்டுது? எனக்கும் இந்த ஊரிலை ரெண்டுதரம் வேலை போயிருக்கு. ஒண்டும் ஆகாது. இனி அவர் ஆரையும் காட்டிக்குடுக்கத் தேவையில்லை. எங்களோடை இருக்கட்டும். பசியோடை நிக்கிறார், ஒரு கோப்பை வை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவரிடமிருந்து எல்ஃபைக் கையில் வாங்கினாள். அந்த டிசம்பரில் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கால்களை மடித்துப் பார்த்தாள், தொப்பியைச் சரிசெய்தாள், கறுவா வாசம் வருகிறது என்றாள்.

பின்னேரம் அண்ணை குடிலுக்கு முன்னால் முழங்காலில் நின்று பாலனைத் தொட்டியில் வைத்தார். பிறகு மேசையில் இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தேன். மகள் ஐந்து கோப்பை வைத்திருந்தாள். எல்ஃபை எங்கே இருத்துவது என்று அவள் அண்ணையைக் கேட்டாள். அவர் சுவரோரக் கதிரையைக் காட்டினார். கழுத்து நிற்காததால் ஒரு தலையணையும் வைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மேசையில் மிச்சமிருந்தது ஒரு கதிரை. வாசலுக்கு முதுகு காட்டுகிற கதிரை. அண்ணை அதை இழுத்துப்போட்டு இருந்தார். பின்னால் என் கணவர் தண்ணீர்ச் செம்போடு இரண்டுதரம் நடந்துபோனார். அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. "பிள்ளை, இன்னும் கொஞ்சம் கறி விடு" என்றார்.